பதினாறுக்கு இருபது

பனிக்காலச் சில்லுகள் நான்கையும்
கராஜிலிருந்து உருட்டிக் காரில் ஏற்றியபின்
சப்பாத்தைக் கழற்றாமல் வாசலில் நின்று கேட்டான்:
"அந்தப் படம்?"

எந்தப் படம் என்று நான் கேட்கவில்லை.
இந்த வீட்டுச் சுவரில் இருப்பது ஒன்றே ஒன்று.
அதற்குப் பிறகு எடுத்ததெல்லாம்
லாச்சிக்குள் கிடக்கும் பழைய கைபேசியில்,
வீங்கிப்போன பற்றரியோடு.
பதினோராயிரமோ பன்னிரண்டாயிரமோ.
கடவுச்சொல் எங்கள் திருமண நாள் என்று நினைத்தோம்.
இல்லையாம்.

இரண்டாயிரத்து ஏழு, நவம்பர்.
போர்ட்டேஜ் அவெனியூவில் பஸ் மாறி,
மாலின் மேல்தளத்தில்
கண்ணாடிக் கடைக்குப் பக்கத்து ஸ்டூடியோ.
கூப்பனை வெட்டி வைத்திருந்தேன்:
பதினாறுக்கு இருபது அங்குலத்தில் ஒன்று,
நடுத்தரம் இரண்டு (அதைப் பற்றிப் பிறகு),
பணப்பைக்குள் வைக்கிற அளவில் எட்டு.
எல்லாம் பத்து டொலருக்கு ஒரு சதம் குறைவு.

குகநேசனிடம் நல்ல சேர்ட் இல்லை.
அன்று காலை ஒன்று வாங்கினோம்
விலைச்சீட்டை அறுக்காமல்,
கைக்குள் மடித்துவிட்டு.
ரசீது என் கைப்பையில்.
மறுநாள் அதைத் திருப்பிக் கொடுத்த காசில்
ஆரபிக்குப் பனிச் சப்பாத்து.

படம் எடுத்தவள் ஒரு பிலிப்பினோக்காரி.
ரப்பர் வாத்து ஒன்றைத் தலையில் வைத்துப்
பொய்த்தும்மல் தும்மினாள்.
வாத்து விழுந்தது.
நாங்கள் நால்வரும் ஒரே பக்கம் பார்த்தோம்.
அதற்குப் பிறகு அப்படிப் பார்த்ததாக
எனக்கு ஞாபகமில்லை.

சின்னப் படங்கள் எட்டும் எங்கெங்கோ போயின.
ஒன்று ஒஸ்லோவுக்கு. ஒன்று தங்கையின் விசாக் கோப்புக்குள்.
ஒன்று என்னோடு வேலை செய்த லிண்டாவுக்கு;
அவள் குளிர்சாதனப் பெட்டிக் கதவில்
எங்களுக்கு இன்னும் விவாகரத்து ஆகவில்லை.

இருவரும் சேர்ந்துதான் இறக்கினோம்.
கனமில்லை, அகலம்தான்.
சுவரில் அதன் அளவுக்கு ஒரு மஞ்சள்.
இந்த நிறத்துக்கா
பெயின்ற் கடையில் ஒரு மணித்தியாலம்
சண்டை பிடித்தோம்?

"பார்," என்றான்.
ஜன்னல் வெளிச்சத்தில் சட்டத்தைச் சரித்து
விரலால் தொட்டுக் காட்டினான்:
துவாரகனை அணைத்திருக்கும் அவன் மணிக்கட்டில்
சேர்ட்டுக் கைக்குள்ளிருந்து
வெள்ளையாய் எட்டிப் பார்க்கிறது விலைச்சீட்டு.
முப்பத்தொன்பது என்பதுவரை வாசிக்கலாம்.

பதினாறு வருடம்.
அதன் கீழே இருந்து சோறு சாப்பிட்டோம்,
வீட்டுக்கடன் கணக்குப் பார்த்தோம்,
கத்தினோம், பிறகு கத்துவதையும் விட்டோம்.
வந்த விருந்தாளி ஒருவர்கூடச் சொல்லவில்லையே!
அவன் சிரித்தான். நானும்.
தடித்த ஜக்கெற்றோடு ஒரு மனிதன்
அவ்வளவு சிரித்தால் வியர்த்துவிடும்.

சிரித்து முடிந்த பிறகு
கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

ஹலிஃபாக்ஸிலிருக்கும் ஆரபிக்கு அழைத்தேன்.
"ரெண்டு பேருக்கும் இல்லை, அது எனக்கு" என்றாள்.
"மே மாசம் வந்து எடுக்கிறன். அதுவரைக்கும்
அப்பா வச்சிருக்கட்டும். அங்க சுவர் சும்மா கிடக்கு."

வெளியே மைனஸ் இருபத்தெட்டு.
கண்ணாடி வெடிக்குமென்று பயந்து
கட்டில் விரிப்பால் சுற்றிக் கொடுத்தேன்.
பின்னால் முழுக்கச் சில்லுகள்.
முன்னிருக்கையில், நான் இருக்கிற இடத்தில்,
நிமிர்த்தி வைத்துப் பெல்ட்டை இழுத்துப் போட்டான்.
போடாவிட்டால் அந்தக் கார் கத்தும்.
தெரு முனைவரை கத்தவில்லை.

நடுத்தரம் இரண்டும்
ஸ்டூடியோ தந்த மட்டை உறைக்குள்
என் அலுமாரியில், குளிர் உடுப்புகளுக்கு அடியில்.
அவன் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.